நான் அறுத்த எர்த் கம்பி

இரண்டு ஆண்டுகளுக்கு முன், சித்திரை மாதக் கடைசியில், தஞ்சாவூரிலிருந்து ஒரத்தநாடு போகும் வழியில் உள்ள எங்கள் ஊரில் இது நடந்தது. உளுந்து பிடுங்கிய வயல்கள் வெடித்துக் கிடந்தன. குறுவைக்கு ஆற்றில் எப்போது தண்ணீர் விடுவார்கள் என்பதைத் தவிர ஊரில் வேறு பேச்சில்லை. எனக்கு அப்போது எழுபத்தொரு வயது. சொல்லிக்கொள்வதற்குப் பெருமையுள்ள செய்தி அன்று, இருந்தும் எழுதுகிறேன். இதை எழுதாமல் மறைத்து வைத்தால், அப்போது செய்த தவற்றையே இன்னொரு முறை செய்தவன் ஆவேன்.

சிறு வயதிலேயே பதிகங்களைப் பண்ணோடு பாடக் கற்றுக்கொண்டவன் நான். கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் மாலைப் பூசையின்போது பாடுவது முப்பது ஆண்டுகளாக என் பொறுப்பு. அதனால் ஊரில் என் சொல்லுக்கு ஒரு மரியாதை உண்டு. சாமி பாட்டுப் பாடுகிறவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்வார்கள். அந்த மரியாதையை நான் எதற்குப் பயன்படுத்தினேன் என்பதுதான் இந்த அனுபவம்.

எங்கள் வீட்டு மாடியறையில் மருமகளின் கணினி இருந்தது. மகனுக்குக் கப்பலில் வேலை. வருடத்தில் சில மாதங்கள்தான் வீட்டில் இருப்பான். மருமகள் எங்களோடு இருந்தபடியே ஒரு நிறுவனத்துக்கு வேலை செய்தாள். கணினி விளையாட்டுகளை வெளியிடுவதற்கு முன்பே ஆடிப் பார்த்து, எந்த இடத்தில் என்ன பிழை இருக்கிறது என்று எழுதி அனுப்ப வேண்டும். அதற்குச் சாதாரணக் கணினி தாங்காதாம். ஒரு பக்கம் கண்ணாடி வைத்த பெரிய கறுப்புப் பெட்டி. உள்ளே மூன்று விசிறிகள் நீலமும் சிவப்புமாக ஒளிர்ந்து சுழலும். ஒவ்வொரு பாகத்தையும் தேர்ந்தெடுத்து வாங்கி, திருகாணி முடுக்கி, அவளே தன் கையால் பூட்டியது அது.

ஊரில் யாராவது கேட்டால், "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். விளையாட்டு என்ற சொல்லை வாயில் எடுக்க எனக்குக் கூச்சம். ஒரு நாள் அவளிடமே கேட்டேன்: "நாள் முழுக்கக் குறை கண்டுபிடிக்கிறதுக்கா சம்பளம் குடுக்கிறான்?"

"ஆமா மாமா. உங்களுக்கும் இந்த வேலை நல்லா வரும். சொல்லி வைக்கட்டுமா?"

அடுக்களையிலிருந்து என் மனைவி சிரித்த சிரிப்பு வாசல் வரை கேட்டது.

அந்தக் கணினி வந்தபோது, அதற்கு நல்ல எர்த் வேண்டும் என்று மருமகள் பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். ஊரில் எல்லா வீட்டுக்கும் ஒயரிங் செய்கிற எலக்ட்ரீஷியனை அழைத்தோம். ஐம்பது வயதுக்காரர், கிறிஸ்தவர், ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலுக்குப் போகிறவர். ஆனால் எங்கள் சிவன் கோயில் வைகாசித் திருவிழாவுக்கு விளக்கு அலங்காரம் அவருடையதுதான். அவருக்கு முன்னால் அவருடைய அப்பா செய்தார். கோபுரத்தில் சீரியல் விளக்கு ஏறினால்தான் எங்கள் ஊருக்குத் திருவிழா வந்ததாகக் கணக்கு.

அவர் எங்கள் வீட்டின் பக்கவாட்டில் ஆளுயரக் குழி தோண்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு நிரப்பினார். குழியிலிருந்து சுவர் வரை ஒரு கனத்த இரும்புக் கம்பியை மண்ணுக்குள் புதைத்துக் கொண்டுவந்து ஒயரிங்கோடு சேர்த்தார். கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார். வீட்டுக்குள் தப்பி வருகிற மின்சாரம் இந்தக் கம்பி வழியாக மண்ணுக்குப் போய்விடும் என்று அவர் விளக்கினார். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நாளிதழ் படித்துக்கொண்டு, "சரி சரி" என்று தலையாட்டினேன். மருமகள் மட்டும் வெயிலில் நின்று முழுவதையும் பார்த்தாள்.

அதன்பின் ஓராண்டு கழிந்தது. வீட்டுப் பூசைக்கு வில்வ இலை வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. ஒரத்தநாட்டிலிருந்து ஒரு கன்று வாங்கி வந்தேன். அன்று திங்கட்கிழமையும் பிரதோஷமும் சேர்ந்து வந்த நாள். வில்வம் நட அதைவிட நல்ல நாள் அமையாது என்று எண்ணினேன். மாலையில் நான் கோயிலில் பாட வேண்டும். அதற்குள் நட்டுவிட வேண்டும். கொல்லை முழுதும் பாறையாய் இறுகிக் கிடக்க, அந்தப் பக்கவாட்டு மண் மட்டும் ஈரமாக இருந்தது. ஏன் ஈரமாக இருக்கிறது என்று நான் யோசிக்கவில்லை. இறைவன் காட்டிய இடம் என்று நினைத்துக்கொண்டேன்.

குழியின் சிமெண்ட் மூடிக்கும் சுவருக்கும் நடுவே மண்வெட்டியைப் போட்டேன். இரண்டாவது வெட்டிலேயே கம்பி தட்டுப்பட்டது.

அது என்ன கம்பி என்று எனக்குத் தெரியவே தெரியாது என்று எழுதினால் அது பாதிப் பொய். மனத்துக்குள் ஏதோ இடறியது. புறங்கையால் மெல்லத் தொட்டுப் பார்த்தேன், ஷாக் அடிக்கவில்லை. கரண்ட் இல்லாத கம்பி வேண்டாத கம்பி என்று முடிவு கட்டினேன். மாடியில் இருந்தவளைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் ஏதாவது தடை சொல்வாள், நேரம் போய்விடும் என்று கேட்கவில்லை. கட்டிங் பிளேயரால் இரண்டு பக்கமும் அறுத்து மூன்றடிக் கம்பியை வெளியே எடுத்தேன். கன்றை நட்டேன். ஆடு மேயாமல் இருக்க நான்கு குச்சி ஊன்றி, அறுத்த கம்பியையே சுற்றிக் கட்டி வேலியாக்கினேன். கை கழுவிவிட்டுக் கோயிலுக்குப் போய், அன்று மிக உருக்கமாகப் பாடினேன்.

மூன்று நாள் கழித்து மருமகள் சொன்னாள்: "மாமா, கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டா சுர்ருங்குது."

"செருப்புப் போட்டுக்கிட்டு உட்காரு. தரை ஈரமா இருக்கும்."

"மாடித் தரை எப்படி மாமா ஈரமாகும்?"

நான் வில்வத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டேன்.

அந்த வாரக் கடைசியில் கோடை மழை வந்தது. மாலை நேரம், நான் கோயிலில் இருந்தேன். ஊர் எல்லையில் ஒரு தென்னையில் இடி விழுந்தது. மண்டபத்தில் விளக்குகள் ஒரு கணம் வெள்ளையாய் எரிந்து அணைந்தன. மழை விட்டபின் வீட்டுக்கு வந்தால், மருமகள் மாடிப்படியில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். மாடியெங்கும் கருகிய நாற்றம். இடியின் மின்சாரத்தைத் தடுக்க அவள் வைத்திருந்த சிறு பெட்டி உருகிப் போயிருந்தது. கணினி செத்துவிட்டது.

"போச்சு மாமா" என்றாள்.

என் மனைவி அந்த மாதம் மகளின் பிரசவத்துக்காகப் பட்டுக்கோட்டை போயிருந்தாள். அவள் இருந்திருந்தால் மருமகளுக்கு ஓர் ஆறுதல் கிடைத்திருக்கும். நான் சொன்னது இதுதான்: "விளையாடுற பெட்டிதானே, விடு. உசுருக்கு ஒண்ணும் ஆகலையே."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எர்த் சரியா இருந்தா இப்படி ஆகியிருக்காது. எங்கேயோ விட்டிருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

இந்த ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு மறுநாள் நான் கோயிலுக்குப் போனேன். திருவிழா ஏற்பாட்டுக்காக வசந்த மண்டபத்தில் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். விளக்கு அலங்காரம் பற்றிப் பேச்சு வந்தது. "அந்த ஆளை நம்பி என்ன செய்யறது? என் வீட்டுல எர்த்தையே ஒழுங்காப் போடலை. நேத்து இடியிலே கம்ப்யூட்டரே எரிஞ்சு போச்சு. கோபுரத்திலே ஏத்தற கரண்டு, நாளைக்குக் கூட்டத்திலே யாருக்காவது ஒண்ணு ஆச்சுன்னா?" என்றேன்.

சொல்லி முடித்துத் திரும்பினால், மண்டபப் படிக்குக் கீழே அவர் நின்றுகொண்டிருந்தார். அந்த வருடம் எத்தனை சீரியல், எத்தனை டியூப் என்று எழுதிய தாளோடு வந்திருந்தார்.

"ஐயா, நான் போட்ட எர்த்தா? ஒரு எட்டு வந்து பார்த்துட்டுச் சொல்றேனே" என்றார்.

"பார்க்க என்னப்பா இருக்கு? எரிஞ்சது எரிஞ்சதுதானே."

"சரிங்கய்யா" என்றார். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

விழாத் தலைவர் தொண்டையைச் செருமினார். "நமக்கும் ரொம்ப நாளா ஒரு யோசனைதான். நம்ம கோயிலுக்கு நம்ம ஆளாப் பார்த்து வச்சுக்கிட்டா நல்லதுதானே" என்றார். நம்ம ஆள் என்றால் வேதக்கோயிலுக்குப் போகாத ஆள் என்று எனக்குப் புரிந்தது. அவர் காத்துக்கொண்டிருந்த சாக்கை நானே எடுத்துக் கொடுத்துவிட்டேன் என்பதும் புரிந்தது. நான் வாய் திறக்கவில்லை. அன்றே பட்டுக்கோட்டைப் பக்கம் ஒருவருக்குப் போன் செய்து, விளக்கு வேலையைப் பேசி முடித்தார்கள்.

மறுநாள் காலை வில்வத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். இலைகள் மஞ்சளாகி இருந்தன. ஏன் என்று குனிந்து பார்த்தபோது, இடி மழை அரித்த மண்ணில் சுவரோரம் ஒரு கம்பி நுனி நீட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் குழி மூடிக்கு அடியில் இன்னொரு நுனி. நடுவில் இருந்திருக்க வேண்டிய மூன்றடிக் கம்பி என் வேலியில் இருந்தது. செம்பு கையிலிருந்து நழுவியது. அது விழுந்த ஓசை இன்றும் என் காதில் இருக்கிறது.

அப்போதே மாடிக்குப் போய் உண்மையைச் சொல்லியிருந்தால் இதை அறியாமல் செய்த பிழை என்று சொல்லலாம். நான் சொல்லவில்லை. ஒன்பது நாள் சொல்லவில்லை. அந்த ஒன்பது நாளும் மாலையில் கோயிலுக்குப் போய், என்னைப் போல் கடையன் உண்டா, என் பிழையெல்லாம் பொறுத்தருள் என்ற கருத்துள்ள பாடல்களைத்தான் பாடினேன். என்ன பிழை என்று இறைவனிடம் சொல்ல எனக்குத் தயக்கமில்லை. மருமகளிடம் சொல்லத்தான் நா எழவில்லை.

அந்த ஒன்பது நாளில்தான் அவள் கணினியைத் திரும்பக் கட்டினாள். அலுவலகத்தில் சம்பளமில்லா விடுப்புச் சொல்லிவிட்டு, பெட்டியைக் கீழே கூடத்துக்குக் கொண்டு வந்தாள். பாயை விரித்து அதன்மேல் ரப்பர் விரிப்புப் போட்டாள். கழற்றிய திருகாணிகளை வைக்க என் பூசைத் தாம்பாளத்தைக் கேட்டாள். வேறு நாளாக இருந்தால் மறுத்திருப்பேன். அன்று துடைத்தே கொடுத்தேன். என் நல்ல குணம் என்று எண்ணி அவள் சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை.

முதலில் மின்சாரம் வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் பவர் சப்ளைப் பெட்டியைக் கழற்றினாள். மோந்து பார்த்தாலே போதும், அது பிழைக்காது என்று தெரிந்தது. பிறகு மதர்போர்டு. எல்லாப் பாகங்களும் அமரும் பெரிய பலகை அது. ஓரத்தில் கரும்பொட்டாக ஓரிடம் வெந்திருந்தது. ஒவ்வொரு பாகத்தையும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறித் தஞ்சாவூர்க் கடைக்குப் போய்ச் சோதித்து வந்தாள். "பிராசசர் பிழைச்சிருச்சு மாமா, ரேம் ஒண்ணு போச்சு, ஒண்ணு இருக்கு" என்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் போல் சொன்னாள். படம் காட்டும் கிராபிக்ஸ் கார்டுதான் அதில் விலை கூடிய பாகம். அது பிழைத்தது என்று தெரிந்த அன்று பால் பாயசம் வைத்தாள். எனக்கு ஒரு கரண்டிக்கு மேல் இறங்கவில்லை.

"சர்க்கரை கூடிப்போச்சா மாமா?"

"இல்லம்மா, வயிறு சரியில்லை."

புதிய பாகங்கள் வந்தபின் பூட்டத் தொடங்கினாள். என்னை டார்ச் பிடிக்கச் சொன்னாள். மணிக்கட்டில் ஒரு பட்டையை மாட்டி, அதிலிருந்து வந்த ஒயரை ஜன்னல் கம்பியில் செருகினாள். எதற்கு என்றேன். "நம்ம உடம்புலயும் துளிக் கரண்ட் இருக்கும். அது பட்டாலே இது செத்துரும். எர்த் பண்ணிக்கிட்டுத்தான் தொடணும். நம்ம வீட்ல எர்த் இல்லாததால ஜன்னல்" என்றாள். பிராசசரின் தலையில் வெண்ணிறப் பசை ஒரு பொட்டு வைத்து, அதன்மேல் விசிறியை அமர்த்தினாள். பூசையில் சந்தனம் வைக்கும்போதுகூட நான் அவ்வளவு கவனமாக இருந்ததில்லை. எந்த விளையாட்டுப் பெட்டியை நான் ஏளனம் செய்தேனோ, அதன் முன்னால் அவள் தவம் போல் உட்கார்ந்திருந்தாள். அவளையே பார்த்துக்கொண்டிருந்ததில் டார்ச் வெளிச்சம் பலகையை விட்டு விலகியது. வயது என்று நினைத்து, "கை வலிச்சா வச்சிடுங்க மாமா" என்றாள்.

வேலை செய்துகொண்டே ஒரு முறை கேட்டாள்: "அந்த அண்ணன் நல்லாத்தான் போட்டார். நான் கூடவே நின்னு பார்த்தேன். எப்படி மாமா அத்துப் போயிருக்கும்?"

"எலி கடிச்சிருக்கும்" என்றேன்.

அவள் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "இரும்புக் கம்பியையா? அந்த எலிக்குத்தான் சம்பளம் குடுத்து வேலைக்கு வச்சுக்கணும் மாமா."

நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

எர்த்தைப் பார்க்க ஆள் வேண்டும் என்று அவள் சொல்லும்போதெல்லாம், "நான் பார்த்துக்கிறேன்" என்று தள்ளிப்போட்டேன். ஒரு மதியம் அவள் உண்டு உறங்கும் நேரம் பார்த்துப் பக்கவாட்டுக்குப் போனேன். வேலியிலிருந்து கம்பியை அவிழ்த்து, இரண்டு நுனிகளோடும் சேர்த்து முறுக்கினேன். கனத்த கம்பி, என் விரல்களுக்கு வளையவில்லை. எப்படியோ இரண்டிரண்டு சுற்றுச் சுற்றி மேலே மண்ணைத் தள்ளி மூடினேன். ஒட்டிவிட்டது என்று என்னையே நம்ப வைத்தேன்.

பத்தாம் நாள் காலை கணினி தயார். அவள் அதை மாடிக்குத் தூக்கிப் போய்ச் செருகினாள். ஆனால் ஸ்விட்சைப் போட்டதும் பெட்டியின் தகட்டில் டெஸ்டரை வைத்தாள். டெஸ்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. உடனே அணைத்துவிட்டாள்.

"எர்த் இல்லாம இனி இதைத் தொட மாட்டேன். நீங்க யாரைப் பார்த்துக்கிட்டு இருக்கீங்களோ தெரியலை. நான் அந்த அண்ணனையே கூப்பிடறேன்" என்று போனை எடுத்தாள்.

கோயில் மண்டபத்தில் நடந்தது அவளுக்குத் தெரியாது. அவர் வரமாட்டார் என்று நான் எண்ணினேன். அதில் ஓர் அற்ப நிம்மதியும் இருந்தது. அரை மணியில் அவர் வண்டி வாசலில் நின்றது. "பொட்டியிலே கரண்ட் அடிக்குதுன்னா உசுரு விஷயம் தங்கச்சி" என்று சொல்லிக்கொண்டே நேராகப் பக்கவாட்டுக்குப் போனார். நானும் பின்னால் போனேன். மருமகள் சுவர் முனையில் நின்றாள்.

அவர் குந்தி உட்கார்ந்து கையாலேயே மண்ணைத் தள்ளினார். கம்பி வெளிப்பட்டது. பிளேயர் அறுத்த பளபளப்பான நுனிகளைப் பார்த்தார். என் பலவீனமான முறுக்கலைப் பார்த்தார். வேலிக்குச்சிகளில் கம்பி சுற்றியிருந்த தடத்தைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். வெட்டியது யார் என்பது மட்டுமன்று, வெட்டியவனுக்கு அது முன்பே தெரியும் என்பதும் அந்த முறுக்கலில் எழுதியிருந்தது.

நான் இடிக்காகக் காத்திருந்தவன் போல் நின்றேன்.

அவர் தன் உடம்பால் குழியை மறைத்துக்கொண்டார். என் முறுக்கலைச் சத்தமில்லாமல் அவிழ்த்தார். புதுக் கம்பி ஒரு துண்டு வைத்து, கிளாம்ப் போட்டு முடுக்கி மண்ணை மூடினார். எழுந்து கையைத் தட்டிக்கொண்டு மருமகளிடம் சொன்னார்: "ஜாயின்ட் துருப்பிடிச்சு விட்டுப் போயிருந்துது தங்கச்சி. நான் அப்பவே கிளாம்ப் போட்டிருக்கணும். என் தப்புதான்."

"பரவாயில்லண்ணே" என்றாள் அவள். பெருந்தன்மையோடு மன்னித்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் நான் நின்றுகொண்டிருந்தேன். என் வாய் அப்போதும் திறக்கவில்லை.

மாடியில் விசிறிகள் சுழன்றன. நீலமும் சிவப்பும் எரிந்தன. அவள் கைதட்டிய ஓசை கீழே கேட்டது. அவர் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு வண்டியை எடுக்கப் போனார். நான் வாசல் வரை போனேன். வண்டியில் ஏறியவர் தணிந்த குரலில், "ஐயா, வில்வத்தை ஒரு பத்தடி தள்ளி வச்சுக்கங்க. அங்கே உப்புப் போட்டிருக்கேன். பட்டுப்போயிடும்" என்றார்.

அவ்வளவுதான்.

நான் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு மாடியேறினேன். மருமகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்: கம்பி, வேலி, கோயில் மண்டபம், மதியம் முறுக்கியது, அனைத்தும். அவள் நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தபடி கேட்டாள். அழவில்லை, கத்தவில்லை.

"எலின்னு சொன்னீங்களே மாமா" என்றாள்.

நான் தலை குனிந்தேன்.

"கம்ப்யூட்டர் போனது போகட்டும். திரும்பக் கட்டிட்டேன். அவர் தன் தப்புன்னு சொல்றார், நான் பரவாயில்லங்கறேன், நீங்க பக்கத்திலே நின்னு கேட்டுக்கிட்டிருந்தீங்களே."

அன்று மாலை கோயிலில் பூசை முடிந்ததும் நான் பாடவில்லை. விழாத் தலைவரும் மற்றவர்களும் இருந்தார்கள். எல்லார் முன்னிலையிலும் நடந்ததைச் சொல்லி, அந்த வேலையை அவருக்கே திரும்பக் கொடுங்கள் என்று கைகூப்பினேன்.

"விடுங்க. வயசான காலத்திலே ஏதோ ஞாபக மறதி" என்றார் ஒருவர்.

"மறதி இல்லை. தெரிஞ்சேதான் மறைச்சேன்."

தலைவர் என் தோளில் கை வைத்தார். "எர்த்துக்காகவா அவரை மாத்தினோம்? நீங்க ஒரு பேச்சுக்குச் சொன்னீங்க, அது நல்லதாப் போச்சு. வேற ஆளுக்குச் சொல்லியாச்சு. இனிமே மாத்த முடியாது."

அடுத்த இரண்டு நாள் ஒவ்வொருவர் வீடாக ஏறி இறங்கினேன். எல்லாரும் என்னை உட்கார வைத்துக் காபி கொடுத்தார்கள். என் நேர்மையைப் பாராட்டினார்கள். ஒருவர்கூட மனம் மாறவில்லை. நான் சொன்ன பழியை ஒரு நிமிடத்தில் நம்பியவர்கள், அதே வாய் சொன்ன உண்மையைப் பெருந்தன்மை என்று சொல்லி ஒதுக்கி வைத்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, வேதக்கோயில் விட்டு அவர் வீடு திரும்பும் நேரம் பார்த்து அவர் வீட்டுக்குப் போனேன். பதறி எழுந்து நாற்காலி போட்டார். நான் நின்றுகொண்டே சொன்னேன், மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒன்றுதான் கேட்டார்.

"உங்களுக்கு எப்பங்கய்யா தெரிஞ்சுது?"

"மண்டபத்திலே பேசின மறுநாளே."

"அதான். முறுக்கியிருந்ததைப் பார்த்தப்பவே நினைச்சேன்." என்றார் அவர். "அதுதாங்கய்யா கஷ்டமா இருந்துது. வெட்டினது ஒண்ணுமில்லை. யார் வேணாலும் வெட்டுவாங்க."

"பின்னே ஏன்ப்பா என்னைக் காட்டிக் கொடுக்கலை?"

"மருமக முன்னாடி உங்களை எப்படிங்கய்யா நிறுத்தறது? எங்கப்பா கோபுரத்திலே விளக்குக் கட்டும்போது, நீங்க பாட ஆரம்பிச்சா வேலையை நிறுத்திட்டு ஏணியிலேயே உட்கார்ந்துடுவாரு. பாட்டு முடிஞ்சாத்தான் அடுத்த பல்பு. அவர் இருந்தா நான் உங்களைக் காட்டிக் குடுக்கறதை ஒத்துக்கிட்டிருக்க மாட்டாரு."

நான் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். அந்தத் தெருவைக் கடந்து வீடு சேர்வதற்குள் இரண்டு இடத்தில் நின்றுவிட்டு நடந்தேன்.

அந்த வைகாசியில் வேறொருவர் கட்டிய விளக்குகள் கோபுரத்தில் எரிந்தன. நன்றாகத்தான் இருந்தன. இந்த ஆண்டு, தலைவர் மாறியபின், நான் மன்றாடியதால் அவரை மீண்டும் அழைத்தார்கள். வந்து, படிக்குக் கீழேயே நின்று, வேறு வேலை ஒப்புக்கொண்டுவிட்டதாகப் பணிவோடு சொல்லிப் போய்விட்டார். வேறு வேலை எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்கு மட்டும் கோடை மழைக்கு முன் அழைக்காமலே வருகிறார். எர்த்தை அளந்து பார்க்கிறார். மருமகளோடு கணினியைப் பற்றிப் பேசிச் சிரிக்கிறார். என்னை முன்போலவே ஐயா என்கிறார். கோயில் தெருவுக்குள் அவருடைய ஏணி வருவதில்லை.

அவருக்கு என்மேல் கோபமில்லை என்று மருமகள் சொல்கிறாள். அது உண்மையாகவே இருக்கும். எனக்குத்தான் ஒரு பழக்கம் வந்திருக்கிறது. நாலு பேர் முன்னால் ஒருவரைக் குறை சொல்ல வாய் திறக்கும்போது, அந்தக் காரியத்தில் என் கை எங்கே பட்டிருக்கிறது என்று முதலில் தேடுகிறேன். அநேகமாக ஏதாவது ஒன்று அகப்படுகிறது, பேச வந்ததை விழுங்கிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.